ஆறு மணி நேரத்துக்கு ஒரு குடும்பம்: ‘லா மெல்யோ ஜொவெந்தூ’ டிவிடி

மார்கோ துல்லியோ ஜோர்தானா இயக்கி 2003இல் வெளிவந்த ‘லா மெல்யோ ஜொவெந்தூ’ ஏறத்தாழ 6 மணி நேரம் ஓடும் இத்தாலியத் திரைப்படம். என்னிடமுள்ள டிவிடிப் பதிப்பில் அது இரண்டு வட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நான் யாரிடம் இதைப் பரிந்துரைத்தாலும் அவர்கள் முதலில் கேட்பது நீளத்தைப் பற்றித்தான், கேட்டதும் பின்வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த நீளம் இல்லையென்றால் இந்தப் படமே இல்லை என்பது, மூன்று முறை முழுவதுமாகப் பார்த்த பின் எனக்கு ஏற்பட்டிருக்கும் உறுதியான எண்ணம்.

இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியான ராய்க்காக ஒரு தொடராகத்தான் இது எடுக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் ‘அன் செர்த்தன் ரெகார்’ பிரிவின் பரிசை வென்ற பிறகு இரண்டு பகுதிகளாகத் திரையரங்குகளுக்கு வந்தது. தொலைக்காட்சியில் அதற்கும் பிறகே ஒளிபரப்பானது. நான்னி மொரெத்தியின் படம் 2001இல் கானின் முதன்மை விருதான தங்கப்பனையை வென்றதிலிருந்து இத்தாலிய சினிமா மீண்டும் உலகின் கவனத்துக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தின் படங்களில் ஒன்றைத்தான் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் தயங்காமல் இதையே எடுப்பேன்.

கதை 1966 கோடையில் ரோம் நகரில் தொடங்குகிறது. நிக்கோலாவும் மத்தேயோவும் சகோதரர்கள், இருவரும் மாணவர்கள். மனநலக் காப்பகத்தில் இருக்கும் ஜோர்ஜா என்ற பெண்ணை வெளியே உலாவ அழைத்துச் செல்லும் பணி மத்தேயோவுக்குக் கிடைக்கிறது. அவளை அவன் எடுத்த ஒரு புகைப்படத்தில், நெற்றியின் இருபுறமும் மின்னதிர்ச்சி கொடுத்த தழும்புகள் தெரிகின்றன. யாரும் உரக்கப் பேசாத, சில நொடிகளே நீளும் காட்சி அது. பின்வரும் நாற்பதாண்டுக் கதை முழுவதும் அந்தத் தழும்பிலிருந்தே கிளைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவளைக் காப்பாற்ற முயன்று தோற்ற பின் மத்தேயோ ராணுவத்தில் சேர்கிறான். நிக்கோலா மனநல மருத்துவனாகிறான். நோயாளிகளைக் கட்டிப்போடும் காப்பகங்களை மூட வேண்டும் என்று போராடிய மருத்துவர் பிராங்கோ பசாலியாவின் இயக்கமும், அதன் விளைவாக 1978இல் வந்த 180ஆம் எண் சட்டமும், நிக்கோலாவின் வாழ்க்கைக்குப் பின்னணியாக நிற்கின்றன.

யாரையும் கட்டிப்போடக் கூடாது என்பது நிக்கோலாவின் மருத்துவக் கொள்கை மட்டுமல்ல, அவன் வாழும் முறையும்கூட. 1966 நவம்பரில் ஆர்னோ ஆறு பெருக்கெடுத்துப் பிளாரன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, சேற்றில் புதைந்த நூல்களை மீட்க வந்த இளைஞர் கூட்டத்தில் அவன் ஜூலியாவைச் சந்திக்கிறான். சேறு படிந்த அந்நகரில் அவள் பியானோ வாசிக்கிறாள். பல ஆண்டுகளுக்குப் பின், துணைவனான நிக்கோலாவையும் சிறு மகளையும் விட்டு ஆயுதம் ஏந்திய தலைமறைவுக் குழுவில் சேர அவள் இரவில் கிளம்பும்போது, அவன் தடுக்க முயன்று, இறுதியில் வழிவிட்டுவிடுகிறான். நோயாளிக்கு விடுதலை தருவதும் நேசிப்பவரைக் கைவிட்டுவிடுவதும் எந்த இடத்தில் பிரிகின்றன என்ற கேள்வியைப் படம் அங்கே வாய்விட்டுக் கேட்பதில்லை. அடுத்த பல மணி நேரத்தில் அந்தக் கேள்வி வெவ்வேறு மனிதர்களின் வழியாக அவனிடமே திரும்பி வருகிறது. இரண்டு மணி நேரப் படத்தில் இந்தத் திரும்பி வருதல் ஒரு திருப்பமாக மட்டுமே இருந்திருக்கும். இங்கே அது நாமும் உடனிருந்து வாழ்ந்துவிட்ட காலத்தின் சுமையாகிறது.

அக்குடும்பத்துக்கு நேரும் பெரிய இழப்பை இங்கே சொல்லப் போவதில்லை. அது ஒரு புத்தாண்டு இரவில் நிகழ்கிறது என்பதையும், மத்தேயோவாக வரும் அலெஸ்ஸியோ போனியின் முகத்தை அதன் பின் மறக்க முடியாது என்பதையும் மட்டும் சொல்லலாம். பள்ளி ஆசிரியையான தாயாக வரும் அத்ரியானா அஸ்தி, துயரத்தை அழுகையாக அன்றி ஒரு வகையான விலகலாக நடித்திருப்பது, என் பார்வையில், இப்படத்தின் ஆகச் சிறந்த நடிப்பு. ஜோர்ஜாவாக வரும் ஜாஸ்மின் திரிங்காவும் அதிகம் பேசாமலேயே நெஞ்சில் நிற்கிறார்.

குறைகளும் உண்டு. சுமார் நாற்பது ஆண்டுகள் கடந்தும் நிக்கோலாவாக வரும் லுயிஜி லோ காஷோவின் முகத்தில் வயது ஏறுவதில்லை. சிறிது நரையும் தாடியும் காலத்தைக் காட்டப் போதவில்லை. ஜூலியா ஏன் அந்தப் பாதைக்குப் போனாள் என்பதற்குத் திரைக்கதையாசிரியர்களான சாந்த்ரோ பெத்ராலியாவும் ஸ்தெபானோ ரூல்லியும் போதிய இடம் தரவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். மற்ற எல்லோரையும் உள்ளிருந்து பார்க்கும் படம் அவளை மட்டும் வெளியிலிருந்தே பார்க்கிறது. மாஃபியாவை எதிர்த்த நீதிபதி பால்கோனே கொல்லப்பட்ட 1992ஐப் படம் தொட்டுச் செல்கிறதே தவிர, பிளாரன்ஸ் வெள்ளத்தைப் போல அதற்குள் இறங்குவதில்லை. கடைசி அரை மணி நேரத்தில் காயங்கள் சற்று எளிதாகவே ஆறிவிடுகின்றன.

தலைப்பைப் பற்றியும் ஒரு சொல். ‘மிகச் சிறந்த இளமை’ என்று பொருள்படும் இது, இத்தாலியக் கவிஞரும் இயக்குநருமான பசோலினி, வடகிழக்கு இத்தாலியின் பிரியூலி மொழியில் எழுதி 1954இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பின் தலைப்பு. அதற்கும் முன்னால், மண்ணுக்குள் போகும் இளைஞர்களைப் பற்றிய ஒரு போர்க்காலப் படைவீரர் பாடலில் வரும் சொற்றொடர். இதை அறிந்த பிறகு இரண்டாம் முறை பார்த்தபோது, மாணவர்கள் சிரித்தபடி கிளம்பும் தொடக்கக் காட்சிகளே எனக்கு வேறாகத் தெரிந்தன.

டிவிடியில் படத்தின் தரம் நன்றாகவே இருக்கிறது. கோடைகால ரோமின் மஞ்சள் ஒளியும் ஸ்ட்ரோம்போலித் தீவின் கடலும் மங்காமல் வந்திருக்கின்றன. ஆங்கில சப்டைட்டில் படிக்க எளிதாக உள்ளது என்றாலும், ரோம், துரின், சிசிலி என இடத்துக்கு இடம் மாறும் பேச்சு அதில் ஒரே குரலாகிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு வட்டு என்று அடுத்தடுத்த இரண்டு மாலைகளில் பார்ப்பது நல்லது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டால் பெயர்களும் உறவுகளும் நழுவிவிடும். பழைய பிரதி வாங்குவோர் பணம் கொடுக்கும் முன் உறைக்குள் இரண்டு வட்டுகளும் உள்ளனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடமிருந்து முதன்முறை எனக்கு வந்தது முதல் வட்டு மட்டுமே. இரண்டாவது கைக்கு வந்து சேரும் வரையிலான மூன்று வாரமும், ஜோர்ஜா என்னவாகியிருப்பாள் என்ற நினைவாகவே இருந்தேன்.