காஸ்தெய்ஸ்: மணி பார்த்துப் போக வேண்டிய ஊர்

ஸ்பெயினின் வடக்கிலுள்ள பாஸ்க் நாட்டுக்குப் போகிறவர்கள் பில்பாவோவில் குக்கன்ஹைம் அருங்காட்சியகம், சான் செபாஸ்தியானில் கடற்கரை என்று இரண்டையும் முடித்துவிட்டு நேரே மாட்ரிட்டுக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். நடுவில் விட்டுப்போவது விட்டோரியா-காஸ்தெய்ஸ். இரண்டரை லட்சம் பேர் வாழும் ஊர். பாஸ்க் அரசும் சட்டமன்றமும் இருப்பது இங்கேதான். விட்டோரியா ஸ்பானியப் பெயர், காஸ்தெய்ஸ் பாஸ்க் பெயர். பெயர்ப்பலகைகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

கடல் இல்லை, பில்பாவோவிலிருந்து நேரடி ரயில் இல்லை என்பதெல்லாம் பாதிக் காரணம். மீதிக் காரணம் கடிகாரம். ஒருநாள் பயணமாக வருகிறவர் காலை உணவு, நடை எல்லாம் பில்பாவோவில் முடித்து மூன்று மணிக்கு இங்கே இறங்குவார். கடைகளின் ஷட்டர் இறங்கியிருக்கும், சமையலறைகள் மூடப்போகும் நேரம், தெருவில் ஆளிருக்காது. ஒரு சுற்று சுற்றிவிட்டு 'ஒன்றுமில்லாத ஊர்' என்று திரும்பிவிடுவார். அதே ஆள் காலை பத்தரைக்கு வந்திருந்தால் வேறு ஊரைப் பார்த்திருப்பார்.

பில்பாவோவிலிருந்து பேருந்துதான் வசதி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூட ஆகும். சான் செபாஸ்தியானிலிருந்து ரயிலும் உண்டு, ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். பேருந்து அதைவிட வேகம். காஸ்தெய்ஸ் பேருந்து நிலையம் ஊருக்கு வடக்கே இருக்கிறது. வாசலுக்கு அருகிலேயே டிராம் நிற்கும். சட்டமன்றத்துக்குப் பக்கத்து நிறுத்தத்தில் இறங்கினால் ஃப்ளோரிடா பூங்காவும் பழைய நகரமும் நடக்கும் தூரம். ரயில் நிலையம் தெற்கே, தாத்தோ தெருவின் முனையில். அங்கிருந்து வண்டிகள் நுழையாத அந்தத் தெருவிலேயே பத்து நிமிடம் நேராக நடந்தால் பழைய நகரத்தின் அடிவாரம் வந்துவிடும்.

பழைய நகரம் ஒரு குன்றின் மேல், வாதுமைப் பருப்பின் வடிவத்தில் இருக்கிறது; உள்ளூர்க்காரர்கள் அழைப்பதும் 'வாதுமை' என்றுதான். காஸ்தெய்ஸ் என்ற கிராமம் இருந்த இந்த மேட்டில் 1181இல் நவார் அரசர் ஆறாம் சான்சோ நகரம் அமைத்து 'புதிய விட்டோரியா' என்று பெயரிட்டார். மேட்டின் உச்சியைச் சுற்றி வளையம் வளையமாகத் தெருக்கள். ஒவ்வொன்றுக்கும் அங்கே வேலை செய்த தொழிலாளிகளின் பெயர்: கொல்லர் தெரு, செருப்புத் தைப்பவர் தெரு, கத்தி செய்பவர் தெரு. கத்தித் தெருவின் முழுப்பெயர் குச்சியெரியா. ஊர் வாயில் அது 'குச்சி'. மதுக்கடைகள் நெருக்கியடித்து நிற்கும் தெருவும் அதுதான். குச்சியில் குத்திய தீனி கிடைக்கும் தெருவுக்குப் பெயர் குச்சி என்பதில் தமிழருக்கு மட்டும் ஒரு சிரிப்பு மிச்சம்.

வளையத் தெருக்களைக் குறுக்கே இணைக்கும் சந்துகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் பயப்பட வேண்டாம்: குன்றின் இரண்டு பக்கமும் கண்ணாடிக் கூரை போட்ட நகரும் நடைபாதைகள் மேலே ஏற்றிவிடும். கட்டணம் இல்லை. அதில் உச்சிக்குப் போய்விட்டு, இறங்கும்போது வளையத் தெருக்களில் நடப்பதே சரியான வரிசை. கீழிருந்து ஏறிக்கொண்டே பார்க்கப் போனால் பாதியில் மூச்சு வாங்கி, முக்கியமானது மேலே இருக்கும்போதே திரும்பிவிடுவீர்கள்.

முக்கியமானது என்றால் சாந்தா மரியா பேராலயம். ஸ்பெயினில் இதைவிட அழகான பேராலயங்கள் நிறைய உண்டு. ஆனால் ஒரு கட்டடம் எப்படி நோய்ப்படுகிறது என்று உள்ளே கூட்டிப்போய்க் காட்டும் இடம் இது. மதிலோடு சேர்ந்த கோட்டைக் கோயிலாகத் தொடங்கியதை நூற்றாண்டுக்கு நூற்றாண்டு உயர்த்திக்கொண்டே போனார்கள். அடியிலிருந்த தாங்குதளம் கணக்கில் எடுக்காத எடை மேலே ஏறியது. கல்கூரை தூண்களை வெளிப்பக்கம் தள்ளியது. தள்ளுவதைத் தடுக்கத் தூண்களுக்கு நடுவே முட்டுக்கொடுத்துக் கட்டிய வளைவுகளுக்குப் 'பயத்தின் வளைவுகள்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 1960களில் நடந்த திருத்த வேலை நிலைமையை இன்னும் மோசமாக்கியது. 1994இல் கதவைச் சாத்தினார்கள்.

அதன்பிறகு செய்ததுதான் புத்திசாலித்தனம். வேலை முடியும்வரை மூடி வைக்காமல், 'வேலை நடப்பதால் திறந்திருக்கிறது' என்று பலகை போட்டு 2000இல் மக்களை உள்ளே விட்டார்கள். இன்றும் வழிகாட்டியோடுதான் பார்க்க வேண்டும். சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். அடித்தளத்தில் அகழ்ந்தெடுத்த அடுக்குகளில் தொடங்கி மேல்நடைக்கு ஏறுவார்கள். நடுக்கூடத்தில் நின்று ஒரு தூணை அடியிலிருந்து நுனிவரை கண்ணால் அளந்து பாருங்கள்: நேராகப் போய்க்கொண்டிருப்பது பாதி உயரத்தில் வில்லாக வளையும். தலைக்கு மேலே இத்தனை டன் கல்லா என்று அப்போதுதான் உறைக்கும்.

இங்கே இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. முன்பதிவு செய்யாமல் வாசலுக்குப் போய் நிற்பது முதலாவது. ஒரு குழுவுக்கு இத்தனை பேர் என்று அளவு உண்டு, ஆங்கிலச் சுற்றுகளோ குறைவு, அதனால் இணையத்தில் மொழியையும் நேரத்தையும் பார்த்து முந்தைய நாளே எடுத்துவிடுவது நல்லது. இரண்டாவது, ஊரில் பேராலயம் இரண்டு என்பது தெரியாமல் வழி கேட்பது. ஃப்ளோரிடா பூங்காவை ஒட்டி நிற்கும் பெரிய கோதிக் கட்டடம் 'புதிய' பேராலயம். 1907இல் தொடங்கி 1969இல்தான் முடிந்தது. அளவில் பெரியது, பார்க்க அவ்வளவாக ஒன்றுமில்லை. நேரம் குறைவென்றால் தயங்காமல் விட்டுவிடலாம்.

குன்றின் தென்சரிவில் வெண்கன்னி சதுக்கம். நடுவிலுள்ள பெரிய நினைவுச்சின்னம் 1813 ஜூன் 21இல் ஊருக்கு வெளியே நடந்த போருக்கானது. நெப்போலியனின் அண்ணன் ஜோசப்பின் படையை அன்று முறியடித்தவர் வெலிங்டன்: 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக நின்றவர், நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டனுக்குப் பெயர் தந்தவர். பக்கத்துப் புதிய சதுக்கம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓலாகிபெல் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது; பக்கத்துக்கு 61 மீட்டர், கச்சிதமான சதுரம். மேட்டு நகரத்துக்கும் கீழ் நகரத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டைச் சமாளிக்க அதே ஆள் எழுப்பிய வளைவு நடைகள் சதுக்கத்தைவிட ருசியான வேலை. மழையில் நனையாமல் நடக்கவும் உதவும். மழை வரும்.

அருங்காட்சியகங்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் குச்சித் தெருவிலுள்ள பிபாட். சீட்டுக்கட்டு அருங்காட்சியகமும் தொல்லியல் அருங்காட்சியகமும் ஒரே வாசலில். ஸ்பெயின் முழுக்க ஆடப்படும் ஃபூர்னியே சீட்டுகள் பிறந்த ஊர் இது. தற்காலக் கலை பிடித்தவர்களுக்கு 'ஆர்த்தியும்' என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. திங்கட்கிழமை பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை.

இனி சாப்பாடு. இந்த ஊரின் உண்மையான பார்வையிடல் அதுதான், அதற்கும் மணி உண்டு.

முதல் வேளை காலை பத்தரை, பதினொன்று. பாஸ்க் மொழியில் இதற்கு 'அமைகெத்தாகோ' என்று பெயர். பதினொன்று என்ற எண்ணிலிருந்து வந்த சொல். அலுவலகக்காரர்கள் இறங்கி வந்து ஒரு காபியும் ஒரு துண்டு தோர்த்தியாவும் நின்றபடியே முடிப்பார்கள். தோர்த்தியா என்றால் மெக்சிகோக்காரர்களின் ரொட்டி இல்லை, முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த தடித்த அடை. இந்த ஊர் இருக்கும் ஆலவா மாகாணம் உருளைக்கிழங்குக்குப் பெயர்போனது. இங்கத்தியவர்களைக் 'கிழங்குக்காரர்கள்' என்று அக்கம்பக்கத்தார் கிண்டல் செய்வதுண்டு. நல்ல தோர்த்தியாவில் கிழங்கை வறுப்பதில்லை. ஆலிவ் எண்ணெயில் முங்கவிட்டு மெல்லிய தீயில், நிறம் மாறாமல் குழைய வைப்பார்கள். எண்ணெயை வடித்து, அடித்த முட்டையில் சில நிமிடம் ஊறவிட்டுப் பிறகுதான் சட்டியில் ஊற்றுவது. வெளியே பொன்னிறமும் உள்ளே வழியும் பதமும் அதனால்தான் வருகிறது. வெட்டியதும் தட்டில் மஞ்சளாகக் கசிந்தால் புதியது. வெட்டுமுகம் உலர்ந்து ஸ்பான்ஜ் போல் நின்றால் நேரமாகிவிட்டது. அடுத்தது எப்போது வெளியே வரும் என்று கேட்டுக் காத்திருப்பதில் வெட்கம் வேண்டாம். முட்டை முழுக்க வேகாதது ஒத்துவராதவர்கள் 'பியன் எச்சா' என்று சொல்லிக் கேட்கலாம், எல்லாக் கடையிலும் கிடைக்காது.

பிராதோ தெருவின் சகார்தோக்கி இந்தத் தோர்த்தியாவுக்காகவே பேசப்படும் கடை. அங்கே இன்னொன்றும் உண்டு: மஞ்சள் கருவை மெல்லிய உருளைக்கிழங்கு ஏட்டில் பொதிந்து பொரித்தது. பார்க்கச் சின்னத் தலையணை. கடித்துத் தின்னக் கூடாது, முழுதாக வாயில் போட்டு உதட்டை மூடிவிட வேண்டும். பாதியில் கடித்தால் கரு சட்டையில்.

இரண்டாம் வேளை பன்னிரண்டரை முதல் இரண்டரை. பிஞ்சோ நேரம். பிஞ்சோ என்றால் குச்சியில் குத்தியோ சின்னத் தட்டிலோ வரும் சிறு தீனி. முறை எளிது: ஒரு கடை, ஒரு பிஞ்சோ, ஒரு சின்னக் கிளாஸ், அடுத்த கடை. பீர் வேண்டுமானால் 'சுரித்தோ' என்று கேளுங்கள், நாலைந்து மடக்குதான் வரும். இல்லையென்றால் தெற்கே விளையும் ரியோஹா ஆலவேசா சிவப்பு ஒயின். மலிவு, தரத்தில் குறையில்லை. பிஞ்சோ பொதுவாக 2 முதல் 4 யூரோ. வெளியே மேசையில் உட்கார்ந்தால் சில கடைகளில் விலை கூடும்.

புதிதாக வருகிறவர்கள் செய்வது, பெரிய தட்டு வாங்கி மதுக்கடையின் பரிமாறும் மேடையிலிருப்பதையெல்லாம் அடுக்கிக்கொள்வது. கல்யாணப் பந்தி பஃபே இல்லை இது. மேடையில் பன்னிரண்டு மணிக்கு வைத்த மயோனைஸ் ரொட்டி இரண்டு மணிக்கு ஊறிச் சவசவத்திருக்கும்; சூடாக இருக்க வேண்டியதை மைக்ரோவேவில் திருப்பிச் சுட வைத்துத் தருவார்கள். மேடையிலிருந்து குளிர்ந்தவற்றை மட்டும் எடுங்கள். ஆலிவ், ஊறவைத்த பச்சைமிளகாய், நெத்தலி மூன்றையும் குச்சியில் கோத்த ஹில்டா அதற்குத் தோது. சூடானவற்றைச் சுவரிலுள்ள கரும்பலகையிலிருந்து கேளுங்கள். ஐந்தாறு நிமிடம் ஆகும், அப்போதுதான் செய்வார்கள். சான் பிரான்சிஸ்கோ சரிவிலுள்ள தொலோன்யோ இந்த வகைக்கு நல்ல இடம். காபிக் கிளாஸ் போன்ற ஒன்றில் வரும் காளான் பிஞ்சோவுக்குப் பெயர்பெற்றது.

காளான் என்றதும் ஒன்று: பெரெச்சிகோ இந்த ஊரின் பைத்தியம். வசந்தத்தில் புல்வெளியில் முளைக்கும் வெள்ளைக் காளான். ஏப்ரல் 28, மாகாணத்தின் காவல் புனிதர் ப்ருதென்சியோ திருநாளில் முட்டையோடு கிளறிய பெரெச்சிகோவும் நத்தையும் இல்லாத வீடு அபூர்வம். அந்த வாரங்களில் விலை ஏறினாலும் ஒருமுறை வாங்குங்கள். ஆகஸ்டில் அதே பெயரில் வந்தால் அது உறைய வைத்ததாகத்தான் இருக்கும்.

சைவர்கள் 'சைவம்' என்று சொன்னால் போதாது. ஹாமும் (பதப்படுத்திய பன்றித்தொடை) சூரை மீனும் பல கடைக்காரர்களின் கணக்கில் இறைச்சியே அல்ல. 'சின் கார்னே, சின் ஹமோன், சின் அதூன், சின் பெஸ்காதோ' (இறைச்சி, ஹாம், சூரை, மீன் இல்லாமல்) என்று நான்கையும் பெயர் சொல்லித் தவிர்க்கச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கு சாலடில் சூரை இருக்கும். காளான் குரோக்கெட் என்ற பொரித்த உருண்டையின் மாவிலும் ஹாம் துணுக்கு இருக்கலாம். நம்பி வாங்கக்கூடியவை தோர்த்தியா (முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு), உப்புத் தூவிய கெர்னிகா பச்சைமிளகாய் வறுவல் (காரம் கிடையாது). மதியம் உட்கார்ந்து சாப்பிடும் 'மெனு தெல் தியா'வில் வரும் ஆலவா புள்ளிப் பயறு பார்க்கச் சைவம், உள்ளே பன்றித் தொத்திறைச்சி.

அந்த மெனு வாரநாளில் நல்ல லாபம்: அடுத்தடுத்து இரண்டு தட்டு, இனிப்பு, குடிக்க ஏதாவது. ஆனால் மூன்றரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். அதற்குமேல் ஐந்து மணிவரை ஊர் தூங்கும். அந்த இடைவெளிக்குத்தான் சால்புருவா. ஊரைச் சுற்றி வளையமாகப் பூங்காக்கள் அமைத்து 2012இல் ஐரோப்பியப் பசுமைத் தலைநகர் பட்டம் வாங்கிய ஊர் இது. அந்த வளையத்தின் கிழக்குப் பகுதி சால்புருவா சதுப்புநிலம். ஊர் நடுவிலிருந்து மூன்று கிலோமீட்டர், சமதளம், சைக்கிளுக்கு வசதி. அத்தாரியா பார்வையாளர் மையத்திலிருந்து ஏரிக்கரை மறைவிடங்களுக்குப் போய் நாரையும் வாத்தும் பார்க்கலாம். காலணி நல்லதாக இருக்கட்டும், மழைக்குப் பின் சேறு.

ஊர் கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேலே. 'சைபீரியா-காஸ்தெய்ஸ்' என்று அவர்களே கேலி செய்துகொள்வார்கள். ஜூலை மாலையிலும் ஒரு ஜாக்கெட் வேண்டும். ஆகஸ்ட் 4 முதல் 9 வரை வெண்கன்னித் திருவிழா. கூட்டம் பிடிக்குமானால் வாருங்கள், அறையைப் பல மாதம் முன்பே பிடித்துவிட்டு. திருவிழா முடிந்த கையோடு பல கடைகள் விடுமுறைக்கு மூடிவிடும், ஆகஸ்ட் நடுவில் வருகிறவர்களுக்குப் பாதி ஊர்தான். ஞாயிறு மாலையும் அப்படியே.

நாள் தேர்ந்தெடுக்க முடிந்தால் வியாழன். அன்று மாலை ஏழு மணியிலிருந்து 'பிஞ்சோ-போத்தே': ஒரு கிளாஸும் ஒரு பிஞ்சோவும் சேர்த்து வழக்கத்தைவிடக் குறைந்த விலை, ஊரே தெருவில் நிற்கும். மதியம் மூன்று மணிக்கு வெறிச்சோடியிருந்த அதே தெருக்கள்தான். அன்று இரவு பில்பாவோ திரும்புவதாக இருந்தால் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையில் இறங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சூடுபிடிக்கிற நேரத்தில்தான் அது கிளம்பும்.