பாரிஸ் 2024: கிம் யேஜியா, யூசுப் டிகேச்சா?

பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலை ஊரே பேச வைத்தவர்கள் இந்த இருவர்தான், ரெண்டு பேருக்கும் வெள்ளிதான், ஆனால் தோரணை நேர் எதிர். தென்கொரியாவின் கிம் யேஜி, திருப்பிப் போட்ட தொப்பி, ஒற்றைக் கண்ணுக்கு விசேஷ லென்ஸ், இடுப்பில் யானை பொம்மை என்று ஏதோ எதிர்காலப் படத்து நாயகி மாதிரி நின்றார். துருக்கியின் டிகேச், வயசு 51, சாதாரண மூக்குக் கண்ணாடியோடு, ஒரு கை பாக்கெட்டில், காய்கறி வாங்க வந்தவர் வழியில் சுட்டுவிட்டுப் போன மாதிரி! அது அவருடைய ஐந்தாவது ஒலிம்பிக், சக வீராங்கனை ஷெவ்வால் தர்ஹானோடு கலப்பு அணியில் வாங்கியதுதான் துப்பாக்கி சுடுதலில் துருக்கியின் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

ஸ்டைலுக்குக் கிம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் சுடுவதைக் காட்டி இணையத்தில் பிரபலமான அந்த வீடியோ பாரிஸில் எடுத்ததே இல்லை, மே மாதம் பாகுவில் நடந்த உலகக் கோப்பையில் எடுத்தது. பாரிஸில் அவருக்கு வெள்ளி கிடைத்தது 10 மீட்டரில்; 25 மீட்டரில் ஒரு முறை 3 விநாடிக்குள் சுடத் தவறி, அந்த ஷாட்டுக்குப் பூஜ்யம் வாங்கி இறுதிச் சுற்றுக்கே போகவில்லை.

என் ஓட்டு டிகேச்சுக்கு. அப்புறம், கோலூன்றித் தாண்டுதலில் அதே பாரிஸில் 6.25 மீட்டர் தாண்டி அப்போதைய உலக சாதனை படைத்த ஸ்வீடன் வீரர் டுப்ளான்டிஸே அவருடைய போஸைத்தானே போட்டுக் காட்டினார்!