சிம் போடலாம் என்று சொல்லி விற்கப்படும் லினக்ஸ் டெப்: வாங்குமுன் பற்றரியைக் கழற்றிப் பாருங்கள்

கண்டியிலுள்ள ஒரு கைத்தொலைபேசிக் கடையில் 2025 ஜூன் மாதம் 27,000 ரூபாய் கொடுத்து, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் ஓடும் கையடக்கமான டெப் (டெப்லட்) ஒன்றை வாங்கி ஏமாந்தேன். முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆயினும் அதே போன்ற கருவியை வேறு விலை சொல்லித் தங்களிடமும் காட்டியதாக என்னிடம் படிக்கும் இருவர் வந்து சொன்ன பிறகு, லினக்ஸில் ஆர்வமுள்ள மலையகப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதை விரிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், கோயிலையொட்டிய மண்டபத்தில், உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் பைதன் என்ற நிரல்மொழியைச் சொல்லிக் கொடுக்கிறேன். எங்களிடம் இருப்பது ஒரேயொரு மடிக்கணினி. தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு லயம் எடுத்துச் செல்லக்கூடிய, முனையத்தை (டெர்மினல்) திறந்து கட்டளை எழுதக்கூடிய, சிம் போட்டால் இணையமும் வரக்கூடிய சிறிய கருவி ஒன்று கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். சிம் என்பதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பிரிவில் கம்பி வழி இணையம் எந்த வீட்டிலும் இல்லை. கைத்தொலைபேசிச் சமிக்ஞையும் கோயிலடியில்தான் நிலையாகக் கிடைக்கும். என் அம்மா கொழுந்து எடுக்கிறார். நாளொன்றுக்கு 1,350 ரூபாய் என்று அப்போதிருந்த அடிப்படைச் சம்பளக் கணக்கில் அந்த 27,000 ரூபாய் அவருடைய இருபது நாள் உழைப்பு. சீட்டு விழுந்த பணத்தை அவரே எடுத்துத் தந்தார்.

கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அந்தக் கருவியைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. நான்கு அங்குலத்துக்குச் சற்றே கூடிய திரை, திரையை மேலே தள்ளினால் அடியிலிருந்து முழு விசைப்பலகை வெளிவரும், உலோக உடல். அட்டைப் பெட்டி பிளாஸ்டிக் தாளால் சுற்றப்பட்டிருந்தது. “தம்பி, இது ஒரிஜினல் லினக்ஸ். ரெண்டு ஜிபி ராம். சிம் போடலாம், தமிழ் வரும், அப்டேட் எல்லாம் தானா வரும்,” என்றார் முதலாளி. இணையம் வேலை செய்கிறதா என்று கேட்டபோது உலாவியைத் திறந்து ஒரு செய்திப் பக்கத்தைக் காட்டினார். அந்தப் பக்கம் கருவிக்குள்ளேயே சேமித்து வைத்திருந்த கோப்பு என்பதை வீட்டுக்கு வந்துதான் கண்டுபிடித்தேன். சிம் எங்கே போடுவது என்று கேட்டதற்கு, ஒரு சிறு மூடியைத் திறந்து அட்டைத் துளையைக் காட்டி, “வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாருங்க, இங்க சிம் வெட்டுற மெஷின் இல்ல,” என்றார்.

வீட்டில் மூடியைத் திறந்து சிம்மை வைத்துப் பார்த்தேன். பழைய பெரிய சிம்மும் பொருந்தவில்லை, வெட்டிய சிறிய சிம்மும் பொருந்தவில்லை. பொருந்தாததில் வியப்பில்லை, ஏனென்றால் அது மினிஎஸ்டி நினைவக அட்டைக்கான துளை. பற்றரியைக் கழற்றி அடியிலிருந்த ஒட்டுத்தாளை வாசித்தபோது ஆர்எக்ஸ்-44 என்ற வகை இலக்கம் தெரிந்தது. அது நோக்கியா என்810 இணைய டெப்லட்டின் இலக்கம். 2007 நவம்பரில் அமெரிக்காவில் 479 டாலருக்கு விற்பனைக்கு வந்த கருவி அது. அதில் சிம் துளையே கிடையாது. வைஃபையோ, புளூடூத் வழியாக இன்னொரு தொலைபேசியோ இருந்தால்தான் இணையம். கடைக்காரர் சொன்ன ‘ரெண்டு ஜிபி’ உண்மையில் உள்ளே பொருத்தப்பட்ட சேமிப்பு நினைவகம். ராம் வெறும் 128 எம்பி. செயலி 400 மெகாஹேர்ட்ஸ்.

இந்தக் கருவி தரக்குறைவாகச் செய்யப்பட்டதல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நோக்கியாவின் வரிசையில் 2005 இல் வந்த 770, 2007 தொடக்கத்தில் வந்த என்800, அதே ஆண்டு இறுதியில் வந்த என்810 ஆகிய மூன்றும், தொலைபேசித் திரைகள் தீப்பெட்டி அளவில் இருந்த காலத்தில் 800க்கு 480 புள்ளிகள் கொண்ட திரையைக் கையில் தந்தவை. அவற்றில் ஓடிய மேமோ இயங்குதளம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடியாகக் கொண்டது. டெபியனில் பழகியவர் அதே .deb மென்பொருட் பொதிகளையும், அவற்றை நிறுவும் அதே ஆப்ட் கட்டளையையும் இங்கேயும் காண்பார். கருவியை முழுமையாகக் கட்டுப்படுத்தும் மூல அதிகாரத்தை (ரூட்) பெறுவதற்குப் பூட்டு உடைக்க வேண்டியதில்லை. லினக்ஸ் ஆர்வலர்கள் இவற்றை ஏன் நேசித்தார்கள் என்பது முனையத்தைத் திறந்த முதல் நிமிடத்திலேயே எனக்கும் விளங்கியது. ஏமாற்றப்பட்ட கோபத்துக்கு நடுவிலும் அந்த மகிழ்ச்சி இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் ‘அப்டேட் தானா வரும்’ என்பது முழுப்பொய். என்810க்கு நோக்கியா தந்த கடைசி இயங்குதளத் தலைமுறை 2008 இல் வெளிவந்த டையாப்லோ. 2009 இல் நோக்கியாவின் அடுத்த கருவியான என்900 உடன் வந்த மேமோ 5 இந்தக் கருவிக்கு வரவேயில்லை. 2010 பெப்ரவரியில் மேமோவை இன்டெல்லின் மொப்ளின் என்ற லினக்ஸ் இயங்குதளத்துடன் இணைத்து மீகோ என்று அறிவித்தார்கள். அடுத்த பெப்ரவரியில் நோக்கியா விண்டோஸ் போன் பக்கம் போய்விட்டது. நிறுவனத்தின் மென்பொருட் களஞ்சியங்களும் மூடப்பட்டன. இன்று கிடைக்கும் பொதிகள் ஆர்வலர் சமூகம் காப்பாற்றி வைத்திருப்பவை மட்டுமே.

இணையம் என்று பெயரிலேயே கொண்ட இந்தக் கருவியால் இன்றைய இணையத்தைத் திறக்க முடியவில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. கோயிலடியில் நின்று என் தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றியதும் கருவி இணைந்துவிட்டது. ஆனால் தமிழ் விக்கிப்பீடியா, மின்னஞ்சல், பாடக்குறிப்புத் தளங்கள் என எதைத் தட்டினாலும் பிழைச் செய்திதான் வந்தது. காரணம் சமிக்ஞை அல்ல. அதிலுள்ள உலாவிக்குத் தெரிந்த பாதுகாப்பு நெறிமுறை டிஎல்எஸ் 1.0 வரைதான். அதுவும் 1.1 உம் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டன. பெரும்பாலான தளங்கள் அதற்கு முன்பே அவற்றை ஏற்பதை நிறுத்திவிட்டன. மறுபுறம், தளங்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்க வேண்டிய மூலச் சான்றிதழ்களும் கருவிக்குள் பழையவையாகவே கிடக்கின்றன. ஆகவே கருவிக்கும் தளத்துக்கும் இடையே இணைப்பு இருக்கும், ஆனால் இரண்டுக்கும் பொதுவான மொழி இருக்காது. கணினி வழியாக நான் அட்டையில் ஏற்றிக் கொண்டுபோன தமிழ்க் கோப்பும் வெறும் கட்டங்களாகவே தெரிந்தது; தமிழ் எழுத்துரு அதில் இருக்கவில்லை.

பைதனும் உதவவில்லை. சமூகக் களஞ்சியத்திலிருந்து பொதியை எடுத்து, மைக்ரோஎஸ்டி அட்டையை மாற்றி உறைக்குள் வைத்து ஏற்றி நிறுவினேன். கிடைத்தது 2.5 பதிப்பு. பைதன் 2 குடும்பத்துக்கான ஆதரவே 2020 ஜனவரி 1 உடன் முடிந்துவிட்டது. பிள்ளைகள் பரீட்சைக்குப் பழகுவது பைதன் 3. அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி வேண்டுமா வேண்டாமா என்பதிலிருந்தே இரண்டும் வேறுபடும்போது, இதில் பழகிய பிள்ளை விடைத்தாளில் தடுமாறும். அந்தக் கணத்தில்தான் இதை வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவெடுத்தேன்.

மூன்றாம் நாள் பின்மூடி சற்று எழும்பி நின்றது. பற்றரி வீங்கியிருந்தது. ‘புதிது’ என்று விற்கப்பட்ட கருவியின் பற்றரி மூன்று நாளில் வீங்குவதற்கு வழியில்லை. பாவித்து, நீண்ட காலம் கிடந்து, மறுபடியும் பெட்டியில் சுற்றப்பட்ட பொருள் அது. இதன் பற்றரி வகை பிபி-4எல். ஒரு காலத்தில் நம்மூரில் பலர் கையில் இருந்த ஈ71, ஈ63 தொலைபேசிகளுக்கும் அதேதான் என்பதால் ஹட்டனில் ஒரு திருத்தும் கடையில் மாற்றுப் பற்றரி கிடைத்தது. யாரிடமாவது இந்தக் கருவி ஏற்கெனவே இருந்தால், மூடி எழும்பியிருக்கும் நிலையில் தயவுசெய்து மின்னேற்றாதீர்கள். லயக் காம்பராவில் இரவில் ஒரு பற்றரி தீப்பிடித்தால் அது ஒரு வீட்டோடு நிற்காது.

அடுத்த ஞாயிறு கண்டிக்குத் திரும்பிப் போனேன். பஸ்ஸில் ஒரு பகலும் போயிற்று. “லினக்ஸ்னு கேட்டீங்க, லினக்ஸ்தானே தந்தேன்? பாவிக்கத் தெரியாட்டி நான் என்ன செய்றது தம்பி?” என்றார் முதலாளி. சிம் பற்றிச் சொன்னதை அவர் மறுத்தார். பற்றுச்சீட்டில் கருவியின் பெயரோ இலக்கமோ இல்லை. ‘டெப் 1, திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்று மட்டும் எழுதியிருந்தது. வாங்கும்போதே அந்த ஒரு வரியை மாற்றி எழுதச் சொல்லியிருந்தால் என் கை ஓங்கியிருக்கும். ஒலிபெருக்கி ஒன்றும் ஐயாயிரம் ரூபாயும் தந்து முடித்துக்கொள்ளலாம் என்றார். வாங்க மறுத்துவிட்டேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், ஒட்டுத்தாளின் படம், பற்றுச்சீட்டு, நடந்தவற்றின் விவரம் ஆகியவற்றோடு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம்.

இத்தகைய பழைய கருவி யாருக்கும் ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். ஏற்கெனவே வீட்டில் நல்ல கணினி உள்ளவர், மேமோவின் வரலாற்றில் ஆர்வமுள்ளவர், இணையமின்றி மின்னூல் வாசிக்கவும் முனையத்தில் கட்டளை பழகவும் வெயிலில் பார்க்கக்கூடிய திரையுள்ள ஒன்றை விரும்புபவர் ஆகியோர், பழையது என்று தெரிந்து, பழையதன் விலைக்கு வாங்கினால் மகிழ்வார்கள். அதிலுள்ள ஜிபிஎஸ் மலைகளுக்கு நடுவே இடத்தைப் பிடிக்க மிக நீண்ட நேரம் எடுக்கிறது, அதை நம்பி வாங்க வேண்டாம். சிம்மும் வேண்டும் என்போருக்கு என்900 இருக்கிறது. மேமோ லெஸ்டே என்ற பெயரில் சமூகம் அதற்குப் புதிய இயங்குதளம் செய்கிறது. ஆனால் அதன் மைக்ரோ யூஎஸ்பி முனை பலகையிலிருந்து பெயர்ந்துவிடுவது பெயர்பெற்ற குறை, ஆகவே செருகி மின்னேறுவதைக் கண்ணால் பார்த்தே எடுக்க வேண்டும். படிக்கும் பிள்ளைக்கென்றால் என் அபிப்பிராயம் திடமானது: அதே பணத்தில் பாவித்த மடிக்கணினி ஒன்றைத் தேடுங்கள், அல்லது வீட்டிலுள்ள அண்ட்ரொய்ட் தொலைபேசியிலேயே முனையத்தைத் தரும் டெர்மக்ஸ் என்ற மென்பொருளை நிறுவிப் பைதன் 3 பழகட்டும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கடையில் நிற்கும்போது செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சிம் ஏற்கும் எந்தக் கருவிக்கும் ஐஎம்இஐ (IMEI) என்ற 15 இலக்க அடையாள எண் இருந்தாக வேண்டும். அதைக் கேளுங்கள், IMEI என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு அந்த இலக்கத்தை 1909 க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். இலக்கமே இல்லை என்றால் அதில் சிம்மும் இல்லை. உங்கள் தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, நீங்களே முகவரியைத் தட்டி, நீங்கள் தேர்ந்த பக்கம் ஒன்றைத் திறக்கச் செய்யுங்கள். ராம் எவ்வளவு என்பதை முனையத்தில் ‘ஃப்ரீ’ (free) கட்டளை கொடுத்துப் பாருங்கள். வகை இலக்கத்தையும் ‘சிம் உண்டு’ என்பதையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

நான் கடைசியாகப் போனபோது அதே கண்ணாடிப் பெட்டியில், பிளாஸ்டிக் தாள் சுற்றிய இன்னும் இரண்டு பெட்டிகள் இருந்தன. சாம்பல் நிற உலோக உடல், மேலே தள்ளும் திரை, பற்றரிக்கு அடியில் ஆர்எக்ஸ்-44.