ஆஸ்பத்திரியா, வீடா, கிராமமா: எரிப்பதற்கு முன் கேட்கும் காகிதம்

"கடைசி மூச்சு வீட்டிலேயே போகட்டும்" என்று சொல்லி அழைத்து வந்துவிடுகிறோம். மனசுக்கு அதுதான் சரி. ஆனால் தகன அனுமதி என்று பார்த்தால் ஆஸ்பத்திரி மரணத்தில்தான் அலைச்சல் குறைவு.

என் அத்தை சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இறந்தார். பில் கணக்கு முடியத்தான் நேரம் பிடித்தது. கட்டியதும் இறப்புக்கான காரணம் எழுதிய சான்று வந்துவிட்டது. பதிவாளருக்குத் தெரிவிப்பதும் மருத்துவமனையின் பொறுப்பு. அந்தச் சான்று, அத்தையின் ஆதார், எங்களில் ஒருவர் ஆதார்: மின்மயானத்தில் கேட்டது அவ்வளவுதான். (பெயர்தான் மின்மயானம், பல இடங்களில் எரிவது கேஸில்.) சென்னை மாநகராட்சி மயானங்களில் தகனத்துக்குக் கட்டணமும் இல்லை.

பெரியப்பா வீட்டில் போனது ராத்திரி இரண்டு மணிக்கு. பக்கத்துத் தெரு டாக்டர் நாடி பார்த்து உறுதி செய்தார், எழுதித் தர மட்டும் மறுத்துவிட்டார். முன்பின் பார்க்காத ஆளுக்கு என்ன காரணம் எழுதுவது என்று அவர் கேட்டதில் தப்பில்லை. விடிந்ததும், பெரியப்பாவுக்குக் கடைசிவரை வைத்தியம் பார்த்தவரைப் போய் அழைத்து வந்தோம். உடலைப் பார்த்தார், பழைய மருந்துச் சீட்டுகளைப் புரட்டினார், இறப்புக்கான காரணம் குறிக்கும் 4ஏ படிவத்தில் எழுதிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கடைசி நோயில் கவனித்த மருத்துவர் இந்தச் சான்றைக் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது.

கிராமத்தில் இந்தப் பாடே இல்லை. விறகும் வரட்டியும் அடுக்கி எரிக்க எங்கள் ஊர்ச் சுடுகாட்டில் யாரும் சீட்டு கேட்டதில்லை. தாத்தாவைச் சாயங்காலத்துக்குள் எரித்துவிட்டு வந்தோம். 21 நாளுக்குள் விஏஓவிடம் பதிய வேண்டும் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. பட்டா மாற்றப் போனபோது இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்குள் ஓராண்டு தாண்டிவிட்டது. ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு வாங்கித்தான் பதிய முடிந்தது. எரித்ததற்குக் காட்ட ஒரு ரசீதுகூட எங்களிடம் இல்லை. அந்த அலைச்சலுக்குப் பெரியப்பாவின் ஒரு ராத்திரி எவ்வளவோ தேவலை.

விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் எங்கே இறந்தாலும் போலீஸ், பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிந்துதான் உடல் கைக்கு வரும்.

எனக்கு வீடுதான் இன்னும் பிடிக்கிறது. அழைத்து வரும்போதே டிஸ்சார்ஜ் சம்மரியையும், ராத்திரியிலும் போனை எடுக்கும் டாக்டரின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மயான ரசீதை அங்கேயே நின்று படியுங்கள். பெரியப்பாவின் இனிஷியல் அதில் மாறி விழுந்திருந்தது. சாம்பல் வாங்கக் காத்திருந்த நேரத்தில் திருத்திக்கொண்டோம்.