விக்கி கருவிப்பட்டையில் சொந்தப் பொத்தான்: எந்த வழி யாருக்குச் சரி?

சான்றில்லாத வரி கண்ணில் படும்போதெல்லாம் இரட்டை அடைப்புக்குறி போட்டு 'சான்று தேவை' என்று கையால் அடிப்பவருக்கு, இதை ஒரே சொடுக்கில் முடிக்க முடியாதா என்று ஒருநாள் தோன்றும். விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் அதற்குப் பல வழிகள் உண்டு. எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம்.

நிரலே வேண்டாம் என்பவருக்கு, சொடுக்கினால் உரையைச் செருகும் கேர்இன்செர்ட் என்ற நீட்சி போதும். தொகுப்புப் பெட்டிக்குக் கீழே வரும் எடிட்டூல்ஸ் பகுதியில், செருக வேண்டிய உரையை ஒரு குறிச்சொல்லுக்குள் எழுதி, கர்சர் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு கூட்டல் குறி வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான பக்கம், நிர்வாகிகள்தான் மாற்ற முடியும். உங்களுக்கு மட்டும் வேண்டிய பொத்தானுக்கு இந்த வழி உதவாது.

தனக்கென்று வேண்டும் என்றால் நான் தயங்காமல் சொல்வது விக்கிஎடிட்டர், அதாவது 2010 முதல் புழக்கத்தில் இருக்கும் கருவிப்பட்டை. உங்கள் பயனர் பக்கத்தின் கீழ் சொந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதும் காமன்.ஜேஎஸ் என்ற துணைப்பக்கத்தைத் திறந்து, 'ஆட் டூ டூல்பார்' கட்டளைக்கு எந்தப் பகுதி, எந்தக் குழு, என்ன பெயர், எந்தப் படம் என்று சொன்னால் பொத்தான் வந்துவிடும். செயலுக்கு 'என்கேப்சுலேட்' வகையைத் தந்தால், தேர்ந்தெடுத்த சொல்லுக்கு முன்னும் பின்னும் நீங்கள் கொடுத்த உரை ஒட்டிக்கொள்ளும். எதையும் தேர்ந்தெடுக்காதபோது நடுவில் என்ன வரவேண்டும் என்பதையும் தனியாகச் சொல்லலாம். வெறுமனே செருகுவதோடு நிற்காமல் உரையை அலசித் திருத்த வேண்டும் என்றால், நீங்கள் எழுதிய செயல்கூறை ஓட்டும் 'கால்பேக்' வகை இருக்கிறது.

இதில் பலர் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது நேரம். பட்டை உருவாகும் முன்பே நிரல் ஓடிவிட்டால் பொத்தான் ஒருமுறை வரும், மறுமுறை வராது. பட்டை தயாரானதும் நிரலைக் கூப்பிடும் 'டூல்பார் ரெடி' என்ற ஹூக்கில் கட்டி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது, தொகுப்புப் பெட்டியின் மதிப்பை, அதாவது அதிலுள்ள முழு உரையை, நிரலால் நேரடியாக மாற்றுவது. முதன்முதலில் நான் எழுதிய பொத்தான் அப்படித்தான் செய்தது. அரைமணி நேரம் திருத்திய பிறகு அதை அழுத்தினேன், ஏதோ பிழை, கண்ட்ரோல் இசட் அடித்தால் ஒன்றும் திரும்பவில்லை. நேரடியாக மதிப்பை எழுதினால் உலாவி வைத்திருக்கும் திரும்பப்பெறும் வரலாறு போய்விடுகிறது. தொடரியல் வண்ணம் காட்டும் கோட்மிரர் இயங்கினால் இன்னொரு சிக்கல்: உண்மையான பெட்டி பின்னால் மறைந்திருக்கும், நீங்கள் செய்த மாற்றம் திரையில் தெரியவே தெரியாது. ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தோடு வரும் 'டெக்ஸ்ட் செலக்‌ஷன்' வழியாகத் தேர்ந்த பகுதியை மாற்றினால் இரண்டுக்கும் தீர்வு கிடைக்கும்.

பழைய நிரல்களை நகலெடுக்கும் முன் ஒரு பார்வை பாருங்கள். 'எம்டபிள்யூ.டூல்பார்' என்ற பெயர் வந்தால், அது 2006ஆம் ஆண்டுப் பட்டைக்கானது. அந்தப் பட்டை இப்போது மென்பொருளில் இல்லை. அந்த வரியில் பிழை எழுந்தால் அதற்குக் கீழே உள்ள வரிகளும் ஓடாமல் நின்றுவிடும்.

பக்கம் முழுவதற்கும் எப்போதாவது ஓட்டும் வேலை என்றால் பட்டையில் இடம் அடைக்க வேண்டாம். கருவிகள் பட்டியலில் ஓர் இணைப்பு சேர்க்கும் 'ஆட் போர்ட்லெட் லிங்க்' ஒரே வரியில் முடிந்துவிடும்.

விக்கி குறியீடு தெரியாமல், பக்கம் தோன்றும் வடிவிலேயே தொகுக்கும் விஷுவல் எடிட்டர் கதையே வேறு. அங்கே உரை வெறும் எழுத்துச் சரம் இல்லை, கட்டமைப்புள்ள ஆவணம். கட்டளை ஒன்றையும் கருவி ஒன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். 'சான்று தேவை' போன்ற ஒரு வார்ப்புருவுக்காக அவ்வளவு உழைப்பது வீண் என்பது என் எண்ணம். நாள் முழுக்க அதிலேயே தொகுப்பவர் மட்டும் இறங்கலாம்.

உங்கள் பொத்தான் மற்றவர்களுக்கும் பயன்படும் என்றால், எவரும் தேர்ந்துகொள்ளக்கூடிய துணைக்கருவியான கேட்ஜெட்டாக மாற்றக் கேளுங்கள். விருப்பத்தேர்வுகளில் ஒரு டிக் போட்டாலே வந்துவிடும். 2018 முதல் அந்தப் பக்கங்களை இடைமுக நிர்வாகிகள்தான் மாற்றுகிறார்கள். அந்தக் கட்டுப்பாடு எனக்கு நிம்மதி. அங்கே எழுதும் ஒவ்வொரு வரியும் பயன்படுத்துவோரின் கணக்கு உரிமையோடு ஓடுகிறது. வேறொருவரின் பயனர் நிரலை இணைத்துக்கொள்ளும்போதும் இதே கதைதான். அவர் நாளை மாற்றுவது உங்கள் கணக்கில் ஓடும். அப்புறம், நிரல் பக்கத்தையே முடக்கிவிட்டால் முகவரியின் கடைசியில் '?safemode=1' என்று சேர்த்துத் திறங்கள் (முகவரியில் ஏற்கெனவே கேள்விக்குறி இருந்தால் '&safemode=1'). சொந்த நிரல்கள் ஓடாமல் பக்கம் வரும், திருத்திவிடலாம்.