பழைய கம்ப்யூட்டருக்குக் கெப்பாசிட்டர் மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோபியில் எங்கள் அச்சகத்தில் அப்பா 1991-இல் வாங்கிய ஆப்பிள் கம்ப்யூட்டர், மேகின்டோஷ் கிளாசிக் ஒன்று இருக்கிறது. 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, 40 எம்பி ஹார்ட் டிஸ்க். அரசு 1978-லேயே எழுத்தைச் சீர்திருத்திவிட்டாலும், எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்குக் கல்யாணப் பத்திரிகையில் துதிக்கை வைத்த பழைய லை, னை, சுழித்த றா இதெல்லாம் வேண்டும். அவர்களுக்காக அப்பா புள்ளி புள்ளியாக வரைந்து ஓர் எழுத்துரு செய்து வைத்திருந்தார். அது அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது. அதை ரிப்பேருக்குக் கொடுத்ததில் போனது 6,500 ரூபாயோடு நிற்கவில்லை என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

பல வருஷம் கழித்து இந்தத் தைப்பொங்கலுக்கு அதை ஆன் செய்தோம். திரை முழுக்கச் சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாக வந்து அப்படியே நின்றுவிட்டது. இந்த மாடலுக்கே உரிய வியாதி இது. மெயின் போர்டில் மணத்தக்காளிப் பழம் அளவில் சின்னச் சின்ன அலுமினிய டப்பாக்கள் இருக்கும், பெரும்பாலும் 47 மைக்ரோஃபாரட், 16 வோல்ட். இவைதான் கெப்பாசிட்டர், கடைகளில் கண்டென்சர் என்பார்கள். வயதானால் அவற்றின் அடிப்பக்கத்திலிருந்து திரவம் கசிந்து போர்டின் செம்புத் தடங்களை அரிக்கும். பின்பக்கம் மூக்கை வைத்தால் லேசாகக் கருவாட்டு வாடை அடித்தது.

கோவையில் காந்திபுரம் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். "ரெண்டு போர்டுலயும் எல்லாத்தையும் மாத்திக் குடுத்தர்றேனுங் அம்மணி, அத்தனையும் ஜப்பான் சரக்குங்க" என்றார். முன்பணம் 3,000. ஒன்பது நாள் கழித்துப் போனேன். ஆன் செய்து காட்டினார். அந்த மணியோசை, சிரிக்கும் முகம், அப்புறம் டிஸ்க்கில் அப்பாவின் ஃபோல்டர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கழற்றிய பழைய கண்டென்சர்களைக் கேட்டேன். "குப்பைல போட்டாச்சுங்களே" என்றார். அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பில்லில் 'சர்வீஸ்' என்று ஒரே வார்த்தை. 7 கிலோவுக்கு மேல் எடை, அன்னூர், புளியம்பட்டி வழியாகக் கோபி வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

பதினோரு நாள் ஓடியது. அப்பா தினமும் சாயங்காலம் அதன் முன்னால் உட்கார்ந்து, பழைய பத்திரிகைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, இது இன்னார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். நகல் எடுக்க ஃப்ளாப்பிக்குச் சொல்லி வைத்திருந்தோம். அது வருவதற்குள் ஒரு நாள் 'டப்' என்று சத்தம், கருகல் நாற்றம், திரை இருண்டுவிட்டது.

எலக்ட்ரானிக்ஸ் படித்த சொந்தக்காரப் பையன் ஒருவன் வந்து பிரித்தான். கைப்பிடிக்குள் ஆழமாக இரண்டு ஸ்க்ரூ இருக்கும், அதற்கு நீளமான டி15 டார்க்ஸ் ஸ்க்ரூட்ரைவர் வேண்டும். (நீங்களாகப் பிரித்துவிடாதீர்கள். பிக்சர் டியூபில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட், அணைத்த பிறகும் அது தேங்கி நிற்கலாம்.) உள்ளே பவர் வரும் அனலாக் போர்டில் ஒரு கண்டென்சரைக்கூடத் தொடவில்லை. எங்கள் அச்சகத்துக் காகிதத் தூசி அந்தக் காலத்தில் படிந்தது படிந்தபடி இருந்தது. மெயின் போர்டில் பாதிக்குத்தான் புதிது போட்டிருந்தார். மீதியில் பழைய டப்பாக்கள், அடியில் பச்சைப் பாசி பிடித்த மாதிரி களிம்பு. ஆல்கஹால் தொட்டுத் துடைக்கக்கூட இல்லை. பழையதை இடுக்கியால் முறுக்கிப் பிடுங்கியதில் மூன்று இடத்தில் செம்புத் தகடே கையோடு வந்திருக்கிறது.

புதிது என்று போட்டவை டான்டலம் என்ற வேறு வகைக் கண்டென்சர். அதில் தப்பில்லை, பலரும் இதற்கு டான்டலம் போடுகிறார்கள். ஆனால் அலுமினிய டப்பாவில் கறுப்புக் கோடு இருக்கும் பக்கம் மைனஸ், டான்டலத்தில் கோடு இருக்கும் பக்கம் பிளஸ். இது தெரியாமலோ கவனிக்காமலோ இரண்டைத் திருப்பி வைத்திருக்கிறார். டான்டலத்துக்குத் தலைகீழாக மின்சாரம் போனால் கொஞ்ச நாள் தாங்கினாலும் தாங்கும், அப்புறம் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். கருகிக் கிடந்தது அந்த இரண்டில் ஒன்றுதான். போர்டு முழுக்க அதைச் சுற்றிக் கரி.

போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "முப்பது வருசத்து மெசினுங்க, நாங்க கேரண்டி சொன்னமா?" என்றார். மெஷின் வயதுக்கும் தலைகீழாக வைத்த பாகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. 1915-இல், அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிந்திருக்கிறேன். கடை கோவையில் இருந்தாலும் 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் ஈரோடு மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இப்போது எனக்கு இடிக்கிறது அந்த ஒரு வார்த்தை பில்தான். எந்த போர்டில் எத்தனை மாற்றினார்கள் என்று எழுதி வாங்குங்கள். கொடுக்கும் முன்பே பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். திரும்ப வாங்கும்போது திரை ஒளிர்வதைப் பார்த்து மயங்காமல், மூடியைக் கழற்றி போர்டை இரண்டு பக்கமும் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டேன் என்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பையன் இரண்டு வாரம் உட்கார்ந்து போர்டைக் கழுவி, போன தடங்களுக்கு முடி போன்ற கம்பி இழுத்து, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டிருக்கிறான். கிளாசிக்கில் ஒரு வசதி உண்டு. ஆன் செய்யும்போது கமாண்ட், ஆப்ஷன், எக்ஸ், ஓ நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிஸ்க் இல்லாமல் உள்ளே இருக்கும் ரோம் (ROM) சிப்பிலிருந்தே திறக்கும். அப்படித் திறக்கிறது. ஹார்ட் டிஸ்க் மட்டும் சுற்றவில்லை. அப்பா இன்னும் சாயங்காலமானால் வந்து பெட்டியின் மேல் காதை வைத்துப் பார்க்கிறார்.