வெளிநாட்டில் முதல் வேலை: கிராம கிளினிக்கா, மாவட்ட மருத்துவமனையா?

படிப்பை முடித்த கையோடு வெளிநாடு கிளம்பும் மருத்துவர்களும் நர்ஸ்களும் அதிகம் குழம்புவது இதில்தான்.

அனுபவம்
கிளினிக்: பிரசவம், பாம்புக்கடி, சர்க்கரை எல்லாம் ஒரே நாளில் வரும். மலேரியா ரேபிட் டெஸ்ட் 15-20 நிமிடத்தில் முடிவைச் சொல்லிவிடும். நெகட்டிவ் என்றால் காய்ச்சல் எதனால் என்று கண்ணையும் கையையும் ஸ்டெதாஸ்கோப்பையும் வைத்துத்தான் தேட வேண்டும்.
மருத்துவமனை: பார்க்கும் துறை குறுகும், ஆழம் கூடும்.

துணை
கிளினிக்: ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு வலிப்பை அடக்கும் மெக்னீசியம் சல்பேட் மருந்தின் முதல் டோஸைப் போட்டுவிட்டு, வண்டி வரும்வரை பக்கத்திலேயே நின்று மூச்சையும் முழங்கால் அனிச்சையையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.
மருத்துவமனை: சீனியரைக் கூப்பிடலாம். புதியவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை என்பேன்.

மொழி
கிளினிக்: உள்ளூர் பேச்சு தெரியாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.
மருத்துவமனை: மொழிபெயர்க்க ஆள் கிடைக்க வாய்ப்புண்டு.

கூடுதல் வேலை
கிளினிக்: தடுப்பூசி ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்கிறதா என்று காலையும் மாலையும் குறிப்பதும் உங்கள் தலையில் விழலாம்.
மருத்துவமனை: அதற்குத் தனி ஆள் இருப்பார்.

தனியாக இரவுப் பணி பார்த்துப் பழகாதவருக்கு மாவட்ட மருத்துவமனையே சரி. அவசர சிகிச்சையும் பிரசவமும் கைவந்தவர் கிளினிக்குக்குத் தாராளமாகப் போகலாம். கையெழுத்துப் போடும் முன் இரண்டைக் கேட்டுவிடுங்கள்: நள்ளிரவில் போனில் யாரைப் பிடிப்பது, ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம்?